துப்பலா, நெஞ்சுச்சளியா? மாரிகாலச் சளி மாதிரிகளும் வன்னி லாப்களும்

கரைச்சி_லாப்

காலபோக விதைப்பு முடிஞ்சு மழை இறங்கினதோட சளிக் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கிறது) போம்கள் கூடிப்போச்சு. வாற போத்தல்களில அரைவாசி வெறும் துப்பல், மேல நுரையோட. கிருமி வளர்க்கிற அகார் தட்டில போட்டால் வாய்க்குள்ள வழமையா இருக்கிறதுகள்தான் முளைக்குது. "வழமையான வாய்க் கிருமிகள் மட்டும்" எண்டு றிப்போட் போகுது. வாட்டில அதை "கிருமி இல்லை" எண்டு வாசிக்கினம்.

மூண்டு விஷயம் தெளிவாக வேணும். துப்பல் வந்தால் திருப்பி அனுப்பலாமா, எந்தக் கணக்கில? மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்தால காலமை எடுத்த சளி மத்தியானம் தாண்டித்தான் வந்து சேருது, அதைப் போட்டுப் பிரயோசனம் இருக்கா? மெலியோய்டோசிஸ் (சேத்து மண்ணிலயும் தண்ணியிலயும் வாழுற கிருமியால வாற நோய்) சந்தேகம் எண்டு எழுதி வந்தால், அஷ்டவுண் அகார் (அந்தக் கிருமியைப் பிரிச்செடுக்கிற தட்டு) இல்லாத லாப்பில என்ன செய்யலாம்?

நுண்நோக்கி

முதல் கேள்விக்கு விடை தட்டில் இல்லை, சிலைட்டில் இருக்கிறது. கல்ச்சர் போட முதல் கிராம் சாயம் (கலங்களையும் கிருமிகளையும் சிலைட்டில் காட்டும் சாயம்) பார்க்காத லாப்புக்குத்தான் இந்தத் தலையிடி.

போத்தலைத் திறந்ததும் நுரையையும் தண்ணிப் பகுதியையும் விடுங்கள். மஞ்சள், பச்சை, அல்லது இரத்தக்கோடு ஓடின கட்டியான துண்டு எங்கே கிடக்கிறது என்று தேடி, அதைத்தான் எடுக்க வேண்டும். அதே துண்டிலிருந்துதான் சிலைட்டும் தட்டும். சிலைட்டுக்கு ஒரு மூலை, தட்டுக்கு வேறு மூலை என்று எடுத்தால் இரண்டும் இரண்டு கதை சொல்லும்.

சாயம் போட்டதும் எண்ணெய் வில்லைக்கு ஓடாமல் 10 மடங்கு வில்லையில் 20 புலமாவது பாருங்கள். வாயிலிருந்து உரிந்த தட்டைக் கலங்கள் பெரிசாக, ஒழுங்கில்லாத விளிம்போடு, உடைத்த அப்பளத் துண்டு மாதிரிக் கிடக்கும். நடுவில் சின்னக் கரு, மேலே கிருமிகள் அப்பியிருக்கும். புலத்துக்குச் சராசரி 10க்கு மேல் இவை இருந்தால் அது துப்பல். 10க்குக் கீழே இருந்து சீழ்க்கலங்கள் 25க்கு மேல் இருந்தால் நல்ல நெஞ்சுச்சளி. இடைப்பட்டவற்றைப் போடலாம், ஆனால் றிப்போட்டில் தரத்தை எழுதிவிடுங்கள்.

திருப்பும்போது "வளர்ச்சி இல்லை" என்று ஒருபோதும் எழுத வேண்டாம். "துப்பல் கலந்த மாதிரி, கல்ச்சர் செய்யப்படவில்லை, மீண்டும் அனுப்பவும்" என்று எழுதி, அன்றைக்கே வாட்டுக்கு ஒரு கோல். பழைய போத்தலை உடனே எறியவும் வேண்டாம். புதுசு வரும் வரைக்கும் 4 பாகையில் கிடக்கட்டும்.

வாடைக்காற்று

வாட் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. நோயாளி வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் ஊசி போய்விடும், கடுமையான நியூமோனியாவில் சளிக்காக மருந்தைத் தாமதிக்க முடியாது. நீங்கள் திருப்பி அனுப்பினால் இரண்டாவது மாதிரி மருந்து ஏறிய பின் எடுத்ததாகவே இருக்கும். நியூமோனியா தரும் நியூமோகொக்கஸ் கிருமி அதற்குள் மறைந்துவிடும். திருப்பி அனுப்பிய மாதிரி எங்களுக்கு நட்டம்தான்.

இன்னொன்று: வெள்ளைக் கலங்கள் குறைந்த நோயாளியிடம் சீழ்க்கலத்தை எதிர்பார்க்க முடியாது. குழாய் போட்ட நோயாளிக்கு இரண்டாவது மாதிரி எடுப்பதும் சும்மா விஷயம் இல்லை. இந்த 10க்கும் 25க்கும் எல்லோரையும் கட்டி வைக்காதீர்கள்.

நுண்நோக்கி

டொக்டர் சொல்வதில் பாதி சரி. தரம் பார்த்துத் திருப்பும் விதி சாதாரண பக்றீரியாக் கல்ச்சருக்கு மட்டும். காசநோய்க்கு வந்த சளியைத் துப்பல் என்று திருப்பவே கூடாது, அதற்குள்ளும் கிருமி அகப்படும். மெலியோய்டோசிஸ் சந்தேகத்துக்கும் அப்படியே, ஏனென்றால் அந்தக் கிருமி வாயில் வழமையாக வாழ்வதில்லை. துப்பலில் ஒரு கொலனி (தட்டில் முளைக்கும் கிருமிக் கூட்டம்) வந்தாலும் அது பெறுமதி. வெள்ளைக் கலம் குறைந்தவர்களுக்கு சீழ்க்கலக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் இதெல்லாம் போமில் எழுதியிருந்தால்தானே லாப்புக்குத் தெரியும்? "காய்ச்சல், இருமல்" என்ற இரண்டு சொல்லோடு வரும் போத்தலுக்கு லாப் இரண்டு சொல் பதில்தான் தரும்.

குழாயால் உறிஞ்சிய மாதிரிக்கு எண்ணிக்கை வேறு: மி.லீற்றருக்கு 1,00,000 கொலனி. குழல் விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்ததுக்கு 10,000. அதற்குக் கீழே வந்தவை பெரும்பாலும் குழாயில் குடியேறினவை.

மருந்து ஏறின பிரச்சினைக்கு விடை சளியில் இல்லை. ஊசி போட முதல் இரத்தக் கல்ச்சர் போத்தலை எடுத்து வையுங்கள்.

மாங்குளச்சந்தி

லாப்பும் வாட்டும் சண்டை பிடிக்க முதல், போத்தலைக் குடுக்கிற ஆள் என்ன சொல்லிக் குடுக்கிறா எண்டு பாருங்கோ. எங்கட பாஷையில "சளி" எண்டால் மூக்கால ஓடுறதும் சளி, தொண்டையில கட்டுறதும் சளி, தடிமனும் சளி. "ஐயா, இதுக்குள்ள சளி துப்பித் தாங்கோ" எண்டால் அவர் சொன்னபடிதான் செய்யிறார், துப்பித் தாறார். "நெஞ்சுக்குள்ள இருந்து இருமி எடுக்கிற சளி" எண்டு சொல்ல வேணும். கையை நெஞ்சில வச்சுக் காட்ட வேணும்.

விடிய எழும்பினவுடன, சாப்பிட முதல். வெறும் தண்ணியால ரெண்டு தரம் வாய் கொப்பளிக்க வேணும், மவுத்வாஷ் வேண்டாம். கட்டுப்பல்லைக் கழட்டி வைக்க வேணும். வெத்திலை போடுற ஆக்களுக்குக் கூடுதலாக் கொப்பளிப்பிக்க வேணும். பாக்குத் தூள் சிலைட்டிலயும் கிடக்கும், ஜீன்எக்ஸ்பேர்ட் (காசநோய்க் கிருமியின்ர டிஎன்ஏயைத் தேடுற மெசின்) காட்றிஜ்ஜையும் அடைக்கும். ரெண்டு தரம் ஆழமா மூச்செடுத்து, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பிடிச்சு விட்டு, மூண்டாம் மூச்சில முன்னுக்குக் குனிஞ்சு வயித்தால இருமினால் வரும். 3 தொடக்கம் 5 மி.லீ. வேணும். போத்தலில முன்கூட்டியே 3 மி.லீக்கு மார்க்கரால கோடு போட்டுக் குடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

வாட்டுக்குள்ள, கழிப்பறைக்குள்ள இருமவிட வேண்டாம். வெளியில, காத்துப் படுற மர நிழல். ஆளுக்கு முன்னால நிக்காமல் பின்பக்கம் நில்லுங்கோ.

வராத ஆக்களுக்கு 3 வீத உப்புத் தண்ணி 5 மி.லீ. நெபுலைசரில. முதல் சல்பியூட்டமோல் குடுத்திட்டு, இழுப்புக்காரரை விட்டுட்டுப் போகாமல். அப்பிடி எடுத்தது தண்ணி மாதிரித்தான் இருக்கும், அதால லேபலில "தூண்டி எடுத்தது" எண்டு எழுத வேணும். எழுதாட்டி லாப்பில துப்பல் எண்டு நினைப்பினம்.

பாலைமரம்

மிஸ்ஸி சொன்ன கோடு போடுற யோசனையை எல்லா மார்புநோய் கிளினிக்கிலயும் அடிச்சு ஒட்ட வேணும்.

காசநோய்ப் பக்கம் வாறன். அமில எதிர்ப்புக் கிருமி சாயத்தில (காசநோய்க் கிருமியைச் சிவப்பாக் காட்டுற சாயம்) மாரியில ரெண்டு பிழை, கோடையில ரெண்டு பிழை.

மாரியில: காத்தில ஈரம், சிலைட் காயுறதில்லை. அவசரத்தில ஈரத்தோட நெருப்பில காட்டினால் சளி வெந்து மேல வந்திடும், கழுவேக்க உரிஞ்சு தொட்டிக்குள்ள போகும். பிறகு நூறு புலம் பார்த்து "கிருமி இல்லை" எண்டு எழுதுவினம். பார்த்தது வெறும் கண்ணாடி. 2 க்கு 1 சென்ரிமீற்றர் பூசி, தானாக் காயவிட்டு, பிறகுதான் மூண்டு தரம் சுவாலையில. காஞ்ச பூச்சுக்குக் கீழ பேப்பரை வச்சால் எழுத்து மங்கலாத் தெரிய வேணும். தெரியாட்டி தடிப்புக் கூட.

ரெண்டாவது, தொட்டித் தண்ணி. மேல் தாங்கியில பாசி பிடிச்ச தண்ணியில காசநோய் தராத மைக்கோபக்றீரியா வாழும். அதுவும் சிவப்பாத்தான் தெரியும். கழுவ வடிச்ச தண்ணி பாவியுங்கோ. ஒவ்வொரு தொகுதியோடயும் ஒண்டும் பூசாத வெறும் சிலைட் ஒண்டையும் சேர்த்துச் சாயம் போடுங்கோ. வெறும் சிலைட்டில சிவப்புக் குச்சி தெரிஞ்சால் அண்டைய பொசிற்றிவ் முழுக்கச் சந்தேகம். எண்ணெய்ப் போத்தல் துளிக்குச்சி சிலைட்டில முட்டவும் கூடாது, ஒரு பொசிற்றிவிலிருந்து அடுத்ததுக்குக் கிருமி போகும்.

கோடையில: கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட, சிலைட்டில வெள்ளைப் படை நிக்கும். மற்றது கார்பல் பியூக்சின் எண்ட சிவப்புச் சாயம் சூட்டில வத்தி மணிமணியாப் படியும். வடிகட்டிப் பாவிக்க வேணும். சூடாக்கேக்க ஆவி வரலாம், கொதிக்கக் கூடாது, 5 நிமிஷம் காயாமல் நிக்க வேணும். காஞ்சால் திரும்பச் சாயம் விடுங்கோ.

எண்ணுற கணக்கு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் பிழைக்குது. 100 புலத்தில 1 தொடக்கம் 9 எண்டால் "கொஞ்சம்" எண்டு மட்டும் எழுதாமல் எண்ணிக்கையை எழுதுங்கோ. 10 தொடக்கம் 99 எண்டால் ஒரு பிளஸ். புலத்துக்கு 1 தொடக்கம் 10 எண்டால் ரெண்டு, 50 புலம் பார்த்தாப் போதும். 10க்கு மேல எண்டால் மூண்டு, 20 புலம் காணும். "இல்லை" எண்டு எழுதவும் முழு நூறும் வேணும். சாயத்தில தெரிய மி.லீற்றருக்கு 5,000 தொடக்கம் 10,000 கிருமியாவது இருக்க வேணும். அதால "இல்லை" எண்டது காசநோய் இல்லை எண்டதுக்குச் சமன் இல்லை.

கரைச்சி_லாப்

பாலைமரம் அண்ணை, ஜீன்எக்ஸ்பேர்ட்டில 2008 எண்ட பிழை இலக்கம் அடிக்கடி வருது. காட்றிஜ் பழுதா?

பாலைமரம்

காட்றிஜ்ஜைத் திட்ட முதல் சளியைப் பாருங்கோ தம்பி. 2008 எண்டால் உள்ள தள்ளுற அழுத்தம் கூடிப்போச்சு எண்ட அர்த்தம். தடிச்ச சளி, சோத்துப் பருக்கை, பாக்குத் தூள் இதுகள்தான் வழமையான காரணம். சளி ஒரு பங்கு, கரைக்கிற திரவம் ரெண்டு பங்கு. மூடி இறுக்கி 10, 20 தரம் பலமாக் குலுக்கி, 15 நிமிஷம் விட வேணும், இடையில இன்னொருக்கால் குலுக்க வேணும். 15 நிமிஷம் முடிஞ்சும் நூல் மாதிரி இழுபட்டால் இன்னும் 5, 10 நிமிஷம் விடுங்கோ. 2 மி.லீ. எடுக்கேக்க அடியில கிடக்கிற பருக்கையை விட்டு மேலால எடுங்கோ, குமிழி இல்லாமல்.

2127 வந்தால் அது கரண்ட் அல்லது வயர்த் தொடர்பு. ஓட்டம் நடக்கேக்க கரண்ட் போய் வந்தால் அந்தக் காட்றிஜ் போனதுதான், திரும்பப் போட ஏலாது. யூபிஎஸ் பற்றரி உண்மையில முழு ஓட்டத்துக்கும் நிக்குதா எண்டு பிளக்கைக் கழட்டிச் சோதிச்சுப் பாருங்கோ. காட்றிஜ் 2 தொடக்கம் 28 பாகைக்குள்ள இருக்க வேணும். சித்திரை வெயிலில தகரக்கூரை ஸ்ரோருக்குள்ள வச்சால் வாங்கின நாளே பழுதாகத் தொடங்கும்.

முன்னம் காசநோய் மருந்து எடுத்த ஆளுக்கு அல்ட்ரா (கொஞ்சக் கிருமியையும் பிடிக்கிற வகை) காட்றிஜ்ஜில "மிகச் சிறிதளவு" எண்டு வந்தால் துள்ள வேண்டாம், செத்த கிருமியின்ர டிஎன்ஏயும் அப்பிடித்தான் காட்டும். அதே காரணத்தாலதான் மருந்து வேலை செய்யுதா எண்டு பார்க்க இந்த மெசினைப் பாவிக்கிறதில்லை. அதுக்குச் சாயமும் கல்ச்சரும். கல்ச்சரும் மருந்து எதிர்ப்பும் வெலிசறையில இருக்கிற தேசிய காசநோய் ஆய்வுகூடத்தில.

வாடைக்காற்று

இங்கேதான் என் கவலை. சாயத்தில் கிருமி இல்லை, ஜீன்எக்ஸ்பேர்ட்டிலும் இல்லை, ஆனால் நுரையீரல் மேல்மடலில் குழி, மெலிவு, ஒரு மாதக் காய்ச்சல். "கிருமி தெரியாத காசநோய்" என்று மருந்து தொடங்கிவிடுகிறோம். வன்னியில் வயல் செய்யும், சீனி வருத்தம் உள்ள ஒருவருக்கு இதே படத்தை மெலியோய்டோசிஸ் தரும். இலங்கையில் அந்த நோய் முதலில் பதிவானது 1927இல், புதுசு ஒன்றும் இல்லை. காசநோய் மருந்து அதற்கு வேலை செய்யாது. செப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 தொடக்கம் 14 நாள், பிறகு கோ-ட்ரைமொக்ஸசோல் மாத்திரை மூன்று மாதம். இவ்வளவு நீண்ட மருந்தை ஊகத்தில் தொடங்க முடியாது. நுண்நோக்கி, கரைச்சியின் மூன்றாவது கேள்விக்கு வாருங்கள்.

நுண்நோக்கி

வருகிறேன். முதலாவது, தட்டை 48 மணித்தியாலத்தில் எறியாதீர்கள். இந்தக் கிருமி முதல் நாள் இரத்த அகாரில் சின்னதாய், வழுவழுப்பாய், ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். வாய்க் கிருமிகளுக்குள் ஒளிந்துவிடும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உலர்ந்து, சுருங்கி, வெயிலில் காய்ந்த குளத்து அடிச்சேறு மாதிரி வெடிப்பு விழும். போமில் "வயல்", "சீனி" என்று இருந்தால் நாலு நாள் வையுங்கள், ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

கிராம் சாயத்தில் இரண்டு முனையும் கடுமையாகச் சாயம் ஏறி நடு வெளுத்த சிவப்புக் குச்சி, ஊக்கு மாதிரி. ஆனால் இதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது, வேறு கிருமிகளும் அப்படி நிற்கும்.

ஒக்சிடேஸ் பொசிற்றிவ் ஆன, லக்டோஸ் புளிக்காத கிராம் நெகற்றிவ் குச்சி வந்தால், "சூடோமோனாஸ்" என்று எழுதி முடிக்க முதல் மூன்று டிஸ்க் (மருந்து ஊறின காகித வில்லை) வையுங்கள்: ஜென்டாமைசின் 10 மைக்கிரோகிராம், கொலிஸ்டின் அல்லது பொலிமிக்சின் பி, கோ-அமொக்ஸிகிளாவ். முதல் இரண்டுக்கும் சுற்றிவரக் கிருமி முளைக்காத வட்டம் இல்லாமல், மூன்றாவதுக்கு நல்ல வட்டம் விழுந்தால், வேறு விதமாக நிரூபிக்கும் வரைக்கும் அது மெலியோய்டோசிஸ் கிருமி. வழமையான சூடோமோனாஸ் எருஜினோசா இதுக்கு நேர் எதிர்: கொலிஸ்டினுக்கு வட்டம், கோ-அமொக்ஸிகிளாவுக்கு இல்லை. மெசின், கிட் தரும் அடையாளத்தை நம்பி இருக்க வேண்டாம். ஏபிஐ 20என்ஈ என்ற பரிசோதனைப் பட்டை சில தடவை குரோமோபக்றீரியம் என்றும், பேர்க்கோல்டேரியா செபாசியா என்றும் பெயர் தரும். அப்படி ஒரு பெயர் வந்தாலே சந்தேகப்படுங்கள்.

அஷ்டவுண் அகாரை லாப்பிலேயே செய்யலாம். ட்ரிப்டோன் சோயாக் கலவை, அகார், லீற்றருக்குக் கிளிசரோல் 40 மி.லீ., கிரிஸ்டல் வயலட் 5 மி.கிராம், நியூட்ரல் றெட் 50 மி.கிராம். ஓட்டோகிளேவ் செய்து 50 பாகைக்கு ஆறினபின் ஜென்டாமைசின் 8 மி.கிராம். ஊதா நிறத்தில் சுருங்கின கொலனி வரும். அதுவும் முடியாவிட்டால், மக்கொங்கி அகாரில் சளியை இழைத்து, முதல் இழைப்பிலேயே ஜென்டாமைசின், கொலிஸ்டின் டிஸ்க் இரண்டையும் கிட்டக் கிட்ட வையுங்கள். இரண்டையும் முட்டிக்கொண்டு முளைக்கிறதைத் தனியாக எடுத்து வளருங்கள். முறையான தட்டுக்கு ஈடில்லை, ஆனாலும் ஒன்றுமில்லாததுக்கு மேல்.

ஒரு கண்டிப்பு. தட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போகாதீர்கள். பழைய ஆட்கள் மணத்தை வைத்து அடையாளம் சொல்லுவார்கள், இந்தக் கிருமிக்கு மண்வாசம் உண்டு, மூச்சால் ஏறுவதும் அப்படித்தான். சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து தட்டுக்கு ரேப் ஒட்டி, பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும் திறவுங்கள். வெளியில் திறந்து வேலை செய்தவருக்கு 21 நாள் தடுப்பு மருந்து பற்றி வைத்திய நிபுணர் முடிவெடுக்க வேண்டும். உறுதிப்படுத்த அனுப்புவதும் அவர் ஊடாகத்தான்.

சளியில் வராவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. இரத்தம், சலம், தொண்டைத் துடைப்பு, எங்கேயாவது சீழ் இருந்தால் அது, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினால்தான் பிடிபடும்.

மாங்குளச்சந்தி

இடையில ஒரு கேள்வி. வெள்ளத்துக்குப் பிறகு இரத்தமாச் சளி துப்பிக்கொண்டு வாற ஆக்களுக்கும் இதே சளிப் போத்தலா?

வாடைக்காற்று

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாய் ஆட்கள் இறந்தபோது எல்லோரும் நெஞ்சைத்தான் பார்த்தார்கள், எலிக்காய்ச்சல் என்று பிறகு உறுதியானது. அதற்குச் சளி வேண்டாம், இரத்தம் வேண்டும்: முதல் வாரம் என்றால் பிசிஆருக்கு, அதற்குப் பிறகு என்றால் எதிர்ப்பொருளுக்கு. போமில் காய்ச்சல் எத்தனையாம் நாள் என்று எழுதாவிட்டால் எந்தப் பரிசோதனை என்று லாப் எப்படித் தெரிவு செய்யும்?

வைரஸ் சந்தேகம் என்றால் மூக்கின் அடிவரை போகும் துடைப்பு, வைரஸ் ஊடகத்தில், 2 தொடக்கம் 8 பாகையில், 72 மணித்தியாலத்துக்குள்.

கரைச்சி_லாப்

ரெண்டாவது கேள்விக்கு ஒருத்தரும் வரேல்லை. பஸ்ஸில வாற போத்தல்?

பாலைமரம்

காசநோய்க்கு எண்டால் பயமில்லை. ஜீன்எக்ஸ்பேர்ட்டுக்குப் போற சளி 35 பாகைக்குள்ள மூண்டு நாள் தாங்கும், பிரிஜ்ஜில 10 நாள் மட்டும். பங்குனி, சித்திரையில பஸ் டாஷ்போட்டில வச்சால் 35 தாண்டும், அதால ரெஜிபோம் பெட்டியும் ஐஸ் பக்கற்றும்.

நுண்நோக்கி

சாதாரணக் கல்ச்சருக்கு 2 மணித்தியாலம். அதுக்கு மேல் என்றால் 4 பாகையில் 24 மணித்தியாலம் மட்டும், ஆனால் நியூமோகொக்கஸும் ஹீமோபிலஸும் (நெஞ்சுச்சளியில் தேடும் இன்னொரு கிருமி) குளிரிலும் குறைந்துகொண்டு போகும். வெளியில் கிடந்தால் நிலைமை மோசம்: வாய்க் கிருமிகள் பெருகி மற்றதை மூடிவிடும். ஆகவே மல்லாவியால் வருவது ஐஸில் வரட்டும், எடுத்த நேரம் போத்தலில் இருக்கட்டும், றிப்போட்டில் "தாமதமாகக் கிடைத்தது" என்று எழுதுங்கள். அங்கேயே ஒரு சிலைட் பூசி, காயவைத்துச் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. சிலைட் பழுதாகாது.

போமைப் போத்தலில் சுற்றி றப்பர் பாண்ட் போடுகிற பழக்கம் நிற்க வேண்டும். மூடி கசிந்தால் முதல் நனைவது போம், அதைத்தான் கவுண்டரில் வெறுங்கையால் பிரிக்கிறார்கள். போத்தல் ஒரு சிப் பைக்குள், உறிஞ்சுகிற பஞ்சோடு. அது மூடுகிற கடினமான பெட்டிக்குள். போம் வேறு பையில்.

தட்டைப் பற்றியும் ஒரு சொல். இரத்த வங்கியில் திகதி முடிந்த மனித இரத்தத்தில் அகார் ஊற்றினால் அதற்குள் சிற்றேற்று (இரத்தம் உறையாமல் சேர்ப்பது), எதிர்ப்பொருள், சிலவேளை மருந்தும் கிடக்கும். கிருமியும் குறையும், ஊற்றுகிற ஆளுக்கும் ஆபத்து. செம்மறி இரத்தத்தைக் கண்ணாடி மணியோடு குலுக்கி நார் நீக்கி எடுங்கள். ஆனால் செம்மறி இரத்த அகாரில் ஹீமோபிலஸ் முளைக்காது. அதற்குச் சொக்கலேட் அகார் (சூடாக்கின இரத்தம் சேர்த்தது) கட்டாயம், மெழுகுதிரி ஜாருக்குள்.

கரைச்சி_லாப்

சரி. சளிப் போமில ஒட்ட ஒரு சின்ன ஸ்ரிக்கர் அடிக்கப் போறன்: எடுத்த நேரம், மருந்து தொடங்கினதா, காய்ச்சல் எத்தனையாம் நாள், வயல் அல்லது சேத்து வேலை, சீனி வருத்தம், முன்னம் காசநோய் மருந்து, தூண்டி எடுத்ததா. ஏதும் விடுபட்டிருக்கா?

மாங்குளச்சந்தி

வாட்டின்ர ரெலிபோன் நம்பர். இல்லாட்டி நுண்நோக்கி அண்ணை சொன்ன கோல் ஆருக்கு?

கரைச்சி_லாப்

சேர்த்தாச்சு மிஸ்ஸி. வெள்ளி போட்ட தட்டுக்கு நாலாம் நாள் செவ்வாய். இடையில சனி, ஞாயிறு ஒன்கோலில இருக்கிற ஆள் தட்டை எறியாமல் இருக்க, இன்கியூபேற்றர் கதவிலயும் ஒண்டு ஒட்டுறன்.

நுண்நோக்கி

தட்டின் மூடியில் எழுதாதீர்கள், அடியில் எழுதுங்கள். மூடி மாறும்.